ஹார்லெம், 1943: அக்கா தங்கை எதிர்ப்பு நாவலுக்கு விவரம் சேர்க்கும் இழை

#1 கயல்_எழுத்து

எல்லாருக்கும் வணக்கம். நாஜிகள் பிடியில் இருந்த நெதர்லாந்தை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். களம் ஹார்லெம். ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே 20 கிலோமீட்டரில், கடற்கரை மணல்மேடுகளை ஒட்டிய ஊர். அக்காவுக்கு 19, தங்கைக்கு 16. இருவருமே கற்பனை. ஊரும் நாட்களும் சம்பவங்களும் மட்டும் உண்மையோடு ஒட்டி வரவேண்டும் என்பது என் பிடிவாதம்.

இப்போது கையில் இருக்கும் காட்சிகள்:

1942 ஜூலை, இரவு 8 மணி. இருட்டில் அக்கா சுவரொட்டி ஒட்டுகிறாள்.
1943 டிசம்பர். ஆம்ஸ்டர்டாம் குழந்தைகள் காப்பகத்திலிருந்து 3 வயது யூதக் குழந்தையை வெளியே கொண்டுவருகிறார்கள்.
அதே பயணத்தில் ரயிலில் போலி அடையாள அட்டைச் சோதனை.
1943 இறுதி. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடி தங்கை ஸ்டென் துப்பாக்கியால் சுடுகிறாள்.
1944 - 45, உணவும் எரிபொருளும் இல்லாத பசிக் குளிர்காலம்.

எங்கெங்கே ஓட்டை விழுகிறது என்று சொல்லுங்கள். பாராட்டு வேண்டாம், பிழைதான் வேண்டும்.

#2 நூலகத்தார்

முதல் காட்சியே நிற்காது, கயல். ஜூலை மாதம் 8 மணிக்கு ஹார்லெமில் நல்ல வெயில் இருக்கும்.

1940 மே 16 அன்று ஜெர்மானியர் நெதர்லாந்தின் கடிகாரங்களை 1 மணி 40 நிமிடம் முன்னே தள்ளி, பெர்லினின் கோடை நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன்பு அந்த நாட்டுக்கு கிரீனிச்சைவிட 20 நிமிடம் முந்திய தனி நேரம் இருந்தது. மாற்றிய நேரத்தைக் குளிர்காலத்திலும் பின்வாங்கவில்லை, 1942 நவம்பர் தொடக்கம் வரை அப்படியே ஓடியது. ஆகவே ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைவதே 10 மணிக்குப் பிறகு. முழு இருட்டு 11 தாண்டித்தான். எதிர்ப்பக்கம், 1941 டிசம்பரில் சூரியன் உதிக்கக் காலை 9:50 ஆகும். 8 மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நடுநிசி போன்ற இருட்டில்தான் போவார்கள். விளக்கு மறைப்பு உத்தரவும் சேர்ந்தால் எதிரே வருபவர் முகம் தெரியாது.

சுவரொட்டிக் காட்சியை 1941 டிசம்பர் காலை 7 மணிக்கு மாற்றுங்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், அவள் நடப்பதும் சந்தேகத்துக்கு இடமாகாது, இருட்டும் கிடைக்கும்.

ஜூலை 8 மணியை விட்டுவிட வேண்டாம், அதற்கு வேறு பயன் இருக்கிறது. 1942 ஜூன் 30 முதல் யூதர்கள் இரவு 8 முதல் காலை 6 வரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. அதாவது கோடையில் இன்னும் இரண்டு மணி நேர வெயில் மிச்சமிருக்கும்போதே கதவடைப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெருவில் விளையாடும் சத்தத்தை ஒரு யூதக் குழந்தை ஜன்னலுக்குள்ளிருந்து கேட்கும் நேரம் அது. அந்த வெயிலை எழுதுங்கள்.

#3 சேந்தன்_ஆலங்குடி

ஆயுதக் காட்சிக்கு வருகிறேன். 1943 இறுதியில் ஹார்லெமில் ஒரு 16 வயதுப் பெண் கையில் ஸ்டென் என்ற பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கி வருவது நம்ப முடியாதது.

காரணம் இதுதான். 1942 மார்ச்சில் லண்டனிலிருந்து இறக்கப்பட்ட ஒரு ஒற்றர் தன் வயர்லெஸ் கருவியோடு பிடிபட்டார். அவரை வைத்தே ஜெர்மன் உளவுத்துறை லண்டனுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்பியது. அந்தச் செய்திகளில் இருக்கவேண்டிய பாதுகாப்புக் குறி இல்லாததை லண்டன் கண்டுகொள்ளவில்லை. அதன்பின் வந்த ஒற்றர்களும் பாராசூட்டில் விழுந்த ஆயுதப் பெட்டிகளும் நேராக ஜெர்மானியர் காத்திருந்த வயலில் விழுந்தன. 1944 தொடக்கம் வரை இதுதான் நிலை. நெதர்லாந்து எதிர்ப்பாளர்களுக்கு ஸ்டென் பெருமளவில் கிடைத்தது 1944 செப்டம்பருக்குப் பிறகு.

1943-க்குக் கைத்துப்பாக்கி கொடுங்கள். பெல்ஜியத்தில் தயாரான எஃப்.என். 1922 மாடல் பொருத்தமாக இருக்கும். நீளம் 18 சென்டிமீட்டர், எடை 700 கிராம் அளவு. கோட்டுப் பையில் அடங்கும், ஆனால் பை ஒரு பக்கம் தொங்கும். மெல்லிய துணிக் கோட்டில் அது தெரியும், அவள் பையில் கையை விட்டபடியே நடக்க வேண்டியிருக்கும்.

தோட்டாவில் ஒரு சிக்கல் வையுங்கள். இந்தத் துப்பாக்கி இரண்டு அளவில் வந்தது: 7.65 மில்லிமீட்டர் (9 தோட்டா கொள்ளும்), 9 மில்லிமீட்டர் குட்டை (8 தோட்டா). ஜெர்மன் வீரர்களின் கைத்துப்பாக்கியில் இருப்பதும் 9 மில்லிமீட்டர்தான், ஆனால் நீளமான தோட்டா. திருடிய ஜெர்மன் தோட்டா ஒரு பொட்டலம் கிடைத்தாலும் இவர்கள் துப்பாக்கிக்குள் நுழையாது. நாட்டில் ஆயுதம் வைத்திருந்தவர்களின் அன்றாடக் கவலையே இந்தப் பொருத்தமின்மைதான்.

கோட்டுப் பைக்குள் இருந்தபடியே சுட்டால் முதல் குண்டு போகும். வெளியே தள்ளப்படும் வெற்றுத் தோட்டா துணியில் சிக்கி, மேல்பாகம் பாதியில் நின்றுவிடும். இரண்டாவது குண்டு வராது. சினிமாவில் இதைக் காட்டமாட்டார்கள்.

சைக்கிளில் டபுள்ஸ் போய்ச் சுடுவது உண்மை. ஹார்லெமைச் சேர்ந்த ட்ரூஸ், ஃப்ரெடி ஓவர்ஸ்டேகன் சகோதரிகள் அப்படிச் செய்தவர்கள். ட்ரூஸ் 1923-இலும் ஃப்ரெடி 1925-இலும் பிறந்தவர்கள். உங்கள் தங்கையின் வயதைவிடச் சின்ன வயதிலேயே ஃப்ரெடி சேர்ந்துவிட்டாள். அக்கா ஓட்டுவாள், தங்கை பின்னால். கல் பதித்த தெருவில் சைக்கிள் உதறும், ஆகவே சில அடி தூரம் தாண்டினால் குறி தவறும். நின்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஆள் செத்தானா இல்லையா என்பது மறுநாள்தான் தெரியும்.

#4 தேன்மொழி_வி

அடையாள அட்டை விஷயத்தில் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் வரும் போர்க்கதைகள் "போலிப் பாஸ்போர்ட் எடுத்தான்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. இந்த ஒரு அட்டைக்குள்தான் ஆக்கிரமிப்பின் முழு இயந்திரமும் இருந்தது.

நெதர்லாந்து அட்டையை வடிவமைத்தவர் ஜெர்மானியர் அல்ல. மக்கள்தொகைப் பதிவேட்டுத் துறையின் தலைவராக இருந்த யாக்கோப் லென்ட்ஸ் என்ற டச்சு அதிகாரி. 1941 முதல் 15 வயது நிரம்பிய எல்லாரும் அதை வைத்திருக்க வேண்டும். நீர்க்குறி உள்ள தனித் தாள், புகைப்படம், கையெழுத்து, விரல் ரேகை, குவார்ட்ஸ் விளக்கின் ஊதாக் கதிரில் வைத்தால் வேறாகத் தெரியும் மை. யூதர் என்றால் பெரிய "ஜே" எழுத்து முத்திரை. புகைப்படத்தை ஒட்டிய இடத்துக்குப் பின்னால் இன்னொரு விரல் ரேகை முத்திரைத் தாள் இருக்கும். படத்தை உரித்தால் அது கிழியும். இதைவிடக் கெட்டிக்கார அட்டை ஜெர்மனியில்கூட அப்போது இல்லை.

கள்ள அட்டைக்கு வழி மூன்று. உண்மையான அட்டை வைத்திருக்கும் ஒருவர் அதைத் தந்துவிட்டு, தொலைந்துபோனதாக எழுதிக்கொடுத்துப் புதிது வாங்குவது. திருடுவது. நீச்சல்குளத்திலும் சர்ச்சிலும் கழற்றி மாட்டிய கோட்டிலிருந்து எடுப்பார்கள். மூன்றாவது, முழுதாக அச்சடிப்பது. சிற்பி கெரிட் வான் டெர் வேன் நடத்திய ரகசிய அச்சகம் 80,000 அளவுக்குக் கள்ள அட்டைகளைச் செய்தது.

முதல் இரண்டிலும் படம் மாற்றுவதுதான் கண்டம். ஈரம் பட்டால் தாள் நார் எழும்பிவிடும், மை பரவும். பின் முத்திரை கிழிந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே தெரியும். விரல் ரேகையோ யாருடையதோ. அதனால் திருடிய அட்டையின் ஆள் வயதிலும் சாயலிலும் ஓரளவு ஒத்திருந்தால் படத்தைத் தொடாமலே விடுவது நல்லது.

எல்லாம் சரியாக அமைந்தாலும் இன்னொரு பொறி காத்திருந்தது. ஒவ்வொரு அட்டை கொடுக்கும்போதும் படமும் ரேகையும் உள்ள ஒரு நகல் ஹேக் நகருக்குப் போகும். உள்ளூர்ப் பதிவேட்டிலும் ஒரு குறிப்பு இருக்கும். தெருவில் சோதிக்கும் காவலருக்கு அட்டை போதும். சந்தேகம் வந்து தொலைபேசியில் விசாரித்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதனால்தான் 1943 மார்ச் 27 இரவு, காவலர் உடை அணிந்த ஒரு குழு ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குள் நுழைந்து, காவலாளிகளுக்கு மயக்க ஊசி போட்டுவிட்டுத் தீ வைத்தது. வான் டெர் வேனும் ஓவியர் வில்லம் அரொந்தேயுஸும் முன்நின்றார்கள். அடுக்கடுக்காக நெருக்கி வைத்த அட்டைகள் எளிதில் எரியாது என்பதால் பெட்டிகளை இழுத்துத் தரையில் கொட்டினார்கள். தீயணைக்க வந்தவர்களில் அனுதாபிகள் இருந்தார்கள், தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ச்சி மிச்சத்தையும் நனைத்தார்கள். அப்படியும் அழிந்தது சுமார் 15 விழுக்காடுதான். ஜூலை 1 அன்று 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஹேக் நகரின் நகல்கள் இருந்த கிளெய்காம்ப் மாளிகையை 1944 ஏப்ரல் 11 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுவீசி எரித்தன.

உங்கள் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து அட்டையின் ஆபத்து மாறும். 1944 ஏப்ரலுக்கு முன் "ஹேக்குக்குப் போன் போடட்டுமா?" என்று ஒரு அதிகாரி கேட்டால் வாசகர் நெஞ்சு நடுங்க வேண்டும். பிறகு அதே கேள்வி பாதி வெற்று மிரட்டல்.

#5 கயல்_எழுத்து

தேன்மொழி அக்கா, இது பொன்னான தகவல். ரயில் சோதனையில் அட்டையைத் தவிர வேறு எதில் மாட்டிக்கொள்வார்கள்? 16 வயதுக்காரிக்கும் அட்டை வேண்டும்தானே?

#6 தேன்மொழி_வி

வேண்டும். ஆனால் பார்க்க 15-க்குக் கீழே தெரிந்தால் கேட்கவே மாட்டார்கள். ஃப்ரெடி ஓவர்ஸ்டேகன் இரட்டைப் பின்னல் போட்டால் 12 வயதுச் சிறுமி மாதிரி இருப்பாள், அதையே கவசமாக வைத்துக்கொண்டாள். உங்கள் தங்கைக்கும் பின்னலைக் கொடுங்கள். அக்காதான் அட்டையை நீட்ட வேண்டியவள்.

மாட்டுவது பெரும்பாலும் பேச்சில். அட்டையில் உள்ள பிறந்த தேதியை ஒப்பிப்பார்கள், "அப்படியானால் உன் அம்மா பிறந்த ஊர்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். தொழில் "சலவைக்காரி" என்று இருந்து கை வழவழப்பாக இருந்தால் கேள்வி வரும். முகவரியில் சொன்ன தெருவுக்கு எந்த டிராம் போகும் என்று தெரியாவிட்டால் முடிந்தது. சரிபார்க்க முடியாத பிறப்பிடத்தைத் தேர்வது நல்ல உத்தி. டச்சு கிழக்கிந்தியாவில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், பிறந்ததாக எழுதினால் 1942 மார்ச்சுக்குப் பிறகு யாரும் விசாரிக்க முடியாது, அங்கே ஜப்பான் வந்துவிட்டது. கறுத்த தலைமுடிக்கும் அது விளக்கமாகிவிடும்.

இன்னொன்று, எல்லாச் சோதனைக்காரரையும் "கெஸ்டபோ", அதாவது நாஜி ரகசியக் காவலர், என்று எழுதாதீர்கள். ரயிலில் வருவது டச்சுக் காவலராக இருக்கலாம், ஜெர்மானியப் பச்சைச் சீருடைக் காவலராக இருக்கலாம், 1944-இல் வேட்டைத் துப்பாக்கி தூக்கிய உள்ளூர் நாஜிப் படையான லாண்ட்வாக்டாக இருக்கலாம். கடைசி வகைதான் அதிக ஆபத்து. அவர்களுக்கு ஊர்ப்பேச்சு காதில் ஒட்டும். குழந்தையின் பேச்சு ஆம்ஸ்டர்டாம் யூதக் குடியிருப்பின் பேச்சு என்பதை ஜெர்மானியர் அறியமாட்டார், அவர்கள் அறிவார்கள்.

#7 பரிமளம்

காப்பகக் காட்சியின் தேதி தவறு. டிசம்பரில் அங்கே குழந்தைகள் இல்லை. 1943 செப்டம்பர் 29 அன்று காப்பகத்தைக் காலிசெய்து, எஞ்சிய பிள்ளைகளையும் ஊழியர்களையும் கொண்டுபோய்விட்டார்கள். ஏற்கெனவே ஜூலையில் தலைவி ஹென்ரியெட்டா பிமென்டெல் பிடிபட்டிருந்தார், ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். உங்கள் காட்சி 1943 தொடக்கத்திலிருந்து செப்டம்பருக்குள் எங்காவது வரவேண்டும்.

இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாண்டாஜ் மிட்டன்லான் என்ற அகலமான சாலை. ஒரு பக்கம் ஹாலண்ட்ஸ் ஸ்கௌபர்க் நாடகக் கொட்டகை. பிடித்துவந்த யூதக் குடும்பங்களை ரயிலேற்றும் வரை அங்கே அடைத்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் காப்பகம், பிள்ளைகளை மட்டும் அங்கே வைத்தார்கள். நடுவே டிராம் பாதை. கொட்டகை வாசலில் நிற்கும் காவலாளி காப்பக வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். டிராம் வந்து நடுவில் நின்றால் சில நொடி அவன் பார்வை மறையும். அந்த நொடியில் பிள்ளையோடு வெளியே வந்து, டிராமின் மறைவிலேயே அடுத்த நிறுத்தம் வரை நடந்து ஏறிக்கொள்வார்கள். டிராமுக்குள் இருக்கும் பயணிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், வாய் திறக்கவில்லை.

இன்னொரு வழி பின்பக்கம். இரண்டு வீடு தள்ளி யோஹன் வான் ஹுல்ஸ்ட் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தோட்டம் இருந்தது, வேலிக்கு மேலே பிள்ளையைக் கைமாற்றுவார்கள். கைக்குழந்தையென்றால் முதுகுப்பை, துணிக்கூடை, உருளைக்கிழங்குச் சாக்கு.

வெளியே எடுப்பதைவிடக் கடினமானது கணக்கு. ரயிலேற்றும் நாளில் பட்டியலில் பெயர் இருந்து பிள்ளை இல்லையென்றால் பெற்றோர் முதல் எல்லாரும் தொலைந்தார்கள். கொட்டகையின் நிர்வாகத்தில் இருந்த வால்டர் சுஸ்கிண்ட் பதிவு அட்டைகளிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார். இப்படி 600 பிள்ளைகள் அளவில் தப்பினார்கள். பெற்றோரிடம் முதலில் ஒப்புதல் கேட்பார்கள். பலர் மறுத்தார்கள், குடும்பமாகவே போகலாம் என்று. உங்கள் அக்கா அந்த மறுப்பை ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

பிள்ளையை எங்கே அனுப்புவது என்பதிலும் ஒழுங்கு இருந்தது. பொன்னிற முடி என்றால் வடக்கே ஃப்ரீஸ்லாந்து, கறுப்பு முடி என்றால் தெற்கே லிம்பர்க், அங்கே அந்த நிறம் சாதாரணம். ராட்டர்டாம் குண்டுவீச்சில் வீடிழந்த பிள்ளை என்று சொல்லிவைப்பார்கள். அந்தக் குண்டுவீச்சு 1940 மே 14, ஆக 3 வயதுக் குழந்தைக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் ஒட்டும். நோயாளித் தாயின் பிள்ளை என்பது பாதுகாப்பு. மூன்று வயதில் பெரிய ஆபத்து, யார் பெயர் கேட்டாலும் பிள்ளை தன் உண்மைப் பெயரைப் பெருமையாகச் சொல்லும். அதனால் புதுப் பெயரோடு பழைய பெயரின் ஒலி ஒத்திருக்கும்படி வைப்பது நல்லது.

#8 முகில்வாணன்

அட்டையும் டிராமும் அருமை. ஆனாலும் கதையின் முதுகெலும்பு துப்பாக்கிதான் என்று நினைக்கிறேன். பதின்ம வயதுப் பெண்கள் ஆயுதம் ஏந்தியது அரிதிலும் அரிது. ஓவர்ஸ்டேகன் சகோதரிகள் எதிரியைக் காட்டுக்கு அழைத்துப்போய் முடித்த மாதிரிக் காட்சியை மறைத்தால் அவர்கள் துணிவை மறைத்தது போலாகாதா?

#9 பரிமளம்

மறைக்கச் சொல்லவில்லை, தம்பி. ஹார்லெமர்ஹவுட் காட்டுக்குள் ட்ரூஸ் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஒருவனை உலாவக் கூட்டிப்போனாள், ஃப்ரெடி காவலுக்கு நின்றாள், சுட்டது அவர்கள் குழுவைச் சேர்ந்த வேறொருவர். இதை எழுதலாம். எத்தனை பேரைச் சுட்டாய் என்ற கேள்விக்கு மட்டும் ஃப்ரெடி கடைசிவரை எண்ணிக்கை சொல்ல மறுத்தார். ஒரு நாவல் அந்த எண்ணிக்கையை இட்டுக்கட்டி நிரப்பினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். கற்பனைச் சகோதரிகள் என்றாலும் இதே நிதானம் வேண்டும்.

விலையையும் எழுத வேண்டும். ஹார்லெமில் ஃபாக்கே கிரிஸ்ட் என்ற காவலர், எதிர்ப்பாளர்களை வேட்டையாடியவன், 1944 அக்டோபர் 25 அன்று சுட்டுக்கொல்லப்பட்டான். ட்ரூஸும் அவர்கள் தோழி ஹானி ஷாஃப்டும் அதே ஆளுக்காகக் காத்திருந்தபோது வேறொரு குழு முந்திக்கொண்டது. மறுநாள் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து அதே இடத்தில் 10 பேரைச் சுட்டார்கள், பக்கத்து வீடுகளைக் கொளுத்தினார்கள். சுடும் முன் இந்தக் கணக்கு ஒவ்வொருவர் மனதிலும் ஓடியிருக்கும்.

மறுத்த இடமும் உண்டு. நாட்டை ஆண்ட ஜெர்மன் ஆணையர் சைஸ் இன்குவார்ட்டின் பிள்ளைகளைக் கடத்தி, கைதிகளுக்கு மாற்றாக வைக்கலாம் என்று மேலிருந்து யோசனை வந்தது. பேரம் முறிந்தால் பிள்ளைகளைக் கொல்ல வேண்டிவரும் என்று ட்ரூஸ், ஃப்ரெடி, ஹானி மூவரும் மாட்டோம் என்றார்கள். எப்போதும் மனிதராகவே இருங்கள் என்பது இரு பெண்களுக்கும் அவர்கள் அம்மா போட்டிருந்த ஒரே கட்டளை. துணிவைக் காட்ட வேண்டுமானால் இந்த மறுப்பைக் காட்டுங்கள், முகில்.

#10 நூலகத்தார்

கயல், ஹார்லெமைக் களமாக எடுத்ததே நல்ல முடிவு. அதே ஊரில், அதே ஆண்டுகளில், வேறொரு சகோதரிகள் இணை இருந்தது. பார்டெல்யோரிஸ் தெரு 19-ஆம் எண் வீட்டில், அப்பாவின் கடிகாரக் கடையில் வாழ்ந்த பெட்ஸி, கோரி டென் போம். இருவரும் மணமாகாதவர்கள், 1944-இல் பெட்ஸிக்கு 58, கோரிக்கு 51. ஓவர்ஸ்டேகன் வீடு கம்யூனிஸ்டு வீடு, இது பைபிள் வீடு. உங்கள் கதையின் அக்கா தங்கைக்குப் பக்கத்துத் தெருவில் இப்படி இரண்டு முதிய சகோதரிகள் இருப்பதாக வைத்தால் ஊரின் அகலம் தெரியும்.

ஒளிவிடத்தைக் கவனியுங்கள். மேல்மாடியில் கோரியின் படுக்கையறைக்குள், உண்மைச் சுவருக்கு முன்னால் முக்கால் மீட்டர் இடம் விட்டு இன்னொரு சுவர் எழுப்பினார்கள். பலகைச் சுவர் அல்ல, செங்கல். தட்டிப் பார்த்தால் பலகை காட்டிக்கொடுத்துவிடும். புதுச் சுவர் என்று தெரியாதபடி பழைய விளிம்புச் சட்டத்தையே மறுபடி பொருத்தினார்கள். பூச்சிலும் பழமை தெரியும்படி செய்தார்கள். நுழைவு துணி அலமாரியின் அடித்தட்டில். பின்பலகையைத் தூக்கிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். செங்கல்லையும் சாந்தையும் கடைக்கு வரும் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பெட்டிகளிலும் சுருட்டிய தாளிலும் வைத்து மேலே ஏற்றினார்கள்.

வீட்டில் மின்மணி அழுத்தான்கள் இருந்தன. மணி அடித்தால் சாப்பாட்டு மேசையிலிருந்து எல்லாரும் மறைய வேண்டும், திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்தார்கள். ஓட்டம் எளிது, மிச்சம் வைத்துப்போகும் தடயம்தான் கொல்லும்: கூடுதல் தட்டு, குப்பைக்கூடையில் கசக்கிய தாள், உடல் சூடு ஆறாத மெத்தை. மெத்தையைத் திருப்பிப் போடுவதும் பயிற்சியில் ஒரு படி.

1944 பிப்ரவரி 28 அன்று சோதனை வந்தது. காட்டிக்கொடுத்தவன் ஒரு டச்சுக்காரன். ஜன்னலில் வைத்திருந்த முக்கோண விளம்பரப் பலகை, "பாதுகாப்பாக இருக்கிறது, வரலாம்" என்பதற்கான குறி. பெட்ஸி அதைத் தட்டிவிட்டார். உள்ளே வந்தவர்கள் அதன் பொருளை ஊகித்து மறுபடி ஜன்னலில் நிறுத்தினார்கள். நாள் முழுதும் அதை நம்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக மாட்டினார்கள், ஏறத்தாழ 30 பேர். குறி வைக்கும்போது இதை யோசியுங்கள். ஜன்னலில் வைக்கும் பொருளே குறியாக இருந்தால் எதிரி அதை மீட்டு வைத்துவிடலாம், அப்படி மீட்டு வைக்க முடியாத குறியைத் தேர்ந்தெடுங்கள்.

சுவருக்குப் பின்னே 6 பேர் இருந்தார்கள், 4 யூதர், 2 எதிர்ப்பாளர். உணவில்லாமல் 47 மணி நேரம். வீட்டுக்குள் காவல் போட்டிருந்தார்கள். எதிர்ப்பாளர் பக்கம் சாய்ந்த டச்சுக் காவலர்கள் காவல் முறையில் வந்த நேரத்தில் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். சகோதரிகளின் அப்பா காஸ்பர் 10 நாளில் சிறையில் இறந்தார். பெட்ஸி டிசம்பர் 16 அன்று ராவன்ஸ்ப்ரூக் முகாமில் இறந்தார். கோரி அதே மாத இறுதியில் விடுதலையானார்.

#11 கயல்_எழுத்து

குறி பற்றிய யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஐயா. ஸ்டென்னை எடுத்துவிட்டேன், காப்பகம் 1943 ஜூலைக்கு நகர்கிறது. முகில்வாணன் சொன்ன காட்டுக் காட்சி ஒரு அத்தியாயத்தில் வரும், தங்கை காவல் நிற்கும் இடத்திலிருந்து மட்டும். இனி மூன்று சின்னக் கேள்விகள். ரகசியப் பத்திரிகை அச்சடிப்பது எப்படி? 1944-இல் சைக்கிள் டயர் கிடைக்காதபோது எதை மாட்டினார்கள்? பசிக் குளிர்காலத்தில் துலிப் பூச்செடியின் கிழங்கை எப்படிச் சாப்பிட்டார்கள்?

#12 சேந்தன்_ஆலங்குடி

டயருக்குப் பதில் தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டி ரிம்மைச் சுற்றி மாட்டிக் கம்பியால் முறுக்குவார்கள். முறுக்கு விழுந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டக்" என்று இடிக்கும். மரத்துண்டு டயரும் உண்டு, கல் தெருவில் அதன் சத்தம் இரவில் மூன்று தெருவுக்குக் கேட்கும். ரகசியப் பயணத்துக்கு ரப்பர் குழாய்தான். நல்ல டயர் இருந்தால் ஜெர்மானியர் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால், டயர் இல்லாத சைக்கிளே பாதுகாப்பு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1944 இறுதியில் ஆண்கள் தெருவில் நடமாடவே முடியாது, வேலைக்குப் பிடித்துப்போவார்கள். ராட்டர்டாமில் நவம்பர் 10, 11 இரண்டே நாளில் 50,000-க்கும் மேல் பிடித்தார்கள். செய்தி, உணவு, துப்பாக்கி எல்லாவற்றையும் பெண்கள் சுமந்ததற்கு இது பெரிய காரணம்.

#13 நூலகத்தார்

அச்சுக்கு நம் ஊரில் பழகிய சைக்ளோஸ்டைலேதான். மெழுகு ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் ரிப்பன் இல்லாமல் அடிப்பார்கள், எழுத்து தாளை வெட்டும். ஓங்கி அடித்தால் "ஓ" எழுத்தின் நடு வட்டமே பெயர்ந்து விழும், பக்கத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். ஒரே டைப்ரைட்டரில் ஒரு எழுத்து சாய்ந்திருந்தால் எல்லா இதழிலும் அதே சாய்வு வரும். வீட்டுச் சோதனையில் அந்த இயந்திரம் அகப்பட்டால் அதுவே சாட்சி. ஒரு ஸ்டென்சிலில் சில நூறு பிரதி நன்றாக வரும், பிறகு தாள் விரிந்து எழுத்து மங்கும். 1944 அக்டோபரில் மேற்கு நெதர்லாந்தில் மின்சாரம் நின்றது, ஆகவே கைப்பிடி சுற்றும் இயந்திரம்தான். மை குளிரில் இறுகும், அடுப்பருகே வைத்து இளக்க வேண்டும். அடுப்புக்கு விறகும் இல்லை. விநியோகத்தில் ஆபத்து அதிகம். ஹானி ஷாஃப்ட் 1945 மார்ச் 21 அன்று ஹார்லெம் சோதனைச் சாவடியில் பிடிபட்டபோது பையில் இருந்தது கம்யூனிஸ்டு ரகசியப் பத்திரிகைக் கட்டும் ஒரு கைத்துப்பாக்கியும். கறுப்புச் சாயம் பூசிய முடியின் அடியில் சிவப்பு வேர் தெரிந்தபோதுதான் தேடிக்கொண்டிருந்த "செம்முடிப் பெண்" இவள்தான் என்று உறுதிசெய்தார்கள். சாயம் மாதம் தோறும் தொட வேண்டியது. அந்தக் குளிர்காலத்தில் சாயத்துக்கு எங்கே போவது?

#14 பரிமளம்

துலிப் கிழங்கின் பழுப்புத் தோலை உரித்து, நான்காக வெட்டி, நடுவே இருக்கும் மஞ்சள் முளையைத் தோண்டி எறிய வேண்டும். அதுதான் வயிற்றைக் கெடுக்கும். மிச்சத்தை உருளைக்கிழங்கு போல வேகவைப்பார்கள், அல்லது காயவைத்து அரைத்து மாவாக்குவார்கள். வெந்தால் மாவுச்சத்தோடு லேசான இனிப்பும் தொண்டையில் கரகரப்பும். சுகர் பீட் கிழங்கைத் துருவிக் கஞ்சியாக்குவார்கள், அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிளற வேண்டும், ஆனால் எரிபொருள் இல்லை. பழைய அடுப்பின் மேல் வைக்கும் தகர டப்பா அளவு அவசர அடுப்பில் விரல் நீளச் சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். ஒரு வேளைச் சமையல் முழுக்க ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். உங்கள் சகோதரிகளின் நீண்ட உரையாடலை அங்கே வைக்கலாம்.

அளவு தெரிய: 1945 பிப்ரவரியில் ஒரு ஆளுக்குக் கிடைத்த ரேஷன் நாளுக்கு 600 கலோரிக்கும் கீழே. அந்தக் குளிர்காலம் 20,000 பேர் அளவில் கொன்றது. ஒளிந்திருந்தவர்களுக்குத் தனி ரேஷன் கார்டு கிடையாது, அவர்களுக்கான கூப்பனைத் திருடியோ கைமாற்றியோதான் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் 3 பேர் ஒளிந்திருந்தால், திருட்டு நின்ற மாதமே 3 பேர் பட்டினி.

#15 கயல்_எழுத்து

கடைசிக் காட்சி 1945 மே 5, தெருவில் கனடா டாங்கிகள், கொண்டாட்டம். சரிதானே?

#16 நூலகத்தார்

இல்லை. ஜெர்மானியர் சரணடைவது மே 4 மாலை ஜெர்மனியின் லூனபர்க்கில் கையெழுத்தாகி, மே 5 காலை 8 மணிக்கு நடைமுறைக்கு வந்தது. மேற்குப் பகுதிக்குக் கனடியப் படை வந்துசேர இன்னும் இரண்டு மூன்று நாளாயிற்று. இடைப்பட்ட நாட்களில் ஜெர்மன் வீரர்கள் துப்பாக்கியோடு அதே முகாம்களில்தான் இருந்தார்கள். மே 7 அன்று ஆம்ஸ்டர்டாம் டாம் சதுக்கத்தில் கொண்டாடக் கூடிய கூட்டத்தின் மேல் அவர்கள் சுட்டதில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே மே 5 அன்று உங்கள் அக்கா கொடியை மாட்ட வெளியே வந்தால், எதிர்வீட்டு மூலையில் ஆயுதத்தோடு ஒரு ஜெர்மன் காவலாளி இன்னும் நின்றுகொண்டிருப்பான். ஹானி ஷாஃப்டை ஏப்ரல் 17 அன்றே மணல்மேட்டில் சுட்டுப் புதைத்துவிட்டார்கள், விடுதலைக்கு 18 நாள் முன்பு. மே 5 காலை அது ஊரில் தெரியாது. ஹானி உயிரோடு திரும்புவார் என்று ட்ரூஸ் எதிர்பார்த்திருந்தார். மணலைத் தோண்டி உடல்களை எடுத்தபோது அங்கே 422 பேர் இருந்தார்கள், அவர்களில் பெண் ஹானி ஒருவர் மட்டும்.